பல மருத்துவமனைகள் சேர்ந்து ஏஐ உருவாக்கும்போது: மருத்துவத் தரவைத் தரப்படுத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே மருத்துவமனையின் தரவில் பழகிய ஏஐ மாடல் வெளியே போனால் தடுமாறும். அதனால்தான் பல மருத்துவமனைகளும் ஆய்வகங்களும் பல்கலைக்கழகங்களும் ஒன்றுசேர்ந்து மாடல் உருவாக்க முன்வருகின்றன. சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லாரும் ஓரிடத்தில் முட்டிக்கொள்வார்கள்: ஒருவருடைய தரவு இன்னொருவருடைய தரவோடு ஒட்டாது. அதை ஒட்டவைக்கும் வேலையைத்தான் நான் பல வருடங்களாகச் செய்து வருகிறேன். இப்படிப்பட்ட திட்டங்களில் புதிதாகச் சேரும் மருத்துவர்களும் லேப் பொறுப்பாளர்களும் புரோகிராமர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு நான் சொல்லும் பதில்கள் இவை.

தரப்படுத்துவது என்றால் என்ன? எல்லாரும் ஒரே சாஃப்ட்வேர் வாங்க வேண்டுமா?

வேண்டாம். அவரவர் சாஃப்ட்வேர் அவரவரிடமே இருக்கட்டும். மூன்று விஷயங்களில் ஒத்துப்போனால் போதும். தரவு எந்த வடிவத்தில் பரிமாறப்படுகிறது, ஒவ்வொன்றுக்கும் என்ன குறியீடு, அந்தக் குறியீட்டுக்கு உண்மையில் என்ன பொருள். முதல் இரண்டுக்கும் நல்ல தரங்கள் இருக்கின்றன. உட்கார்ந்து படித்தால் பிடிபட்டுவிடும். மூன்றாவதில்தான் மாதக்கணக்கில் நேரம் போகும்.

ஒரு வரியில் ‘ரத்த அழுத்தம் 150’ என்று இருக்கிறது. நோயாளி படுத்திருக்கும்போது எடுத்ததா, படியேறி வந்தவுடன் எடுத்ததா? இரண்டாம் முறை எடுத்துச் சரிபார்த்ததா? காகிதத்தில் குறித்துவைத்துச் சாயங்காலம் மொத்தமாகப் பதிந்ததா? அந்த 150 எப்படிப் பிறந்தது என்ற கதை எண்ணோடு சேர்ந்தே வர வேண்டும். என்னைக் கேட்டால், தரப்படுத்துவது என்பதே அந்தக் கதை வழியில் தொலைந்துபோகாமல் பார்த்துக்கொள்ளும் வேலைதான்.

ஒரே பரிசோதனைக்கு ஒரே எண்தானே வரும்? இதில் என்ன குழப்பம்?

அலகிலிருந்தே ஆரம்பிக்கலாம். ரத்தச் சர்க்கரையைச் சில நாடுகளில் மில்லிகிராம்/டெசிலிட்டரிலும் சில நாடுகளில் மில்லிமோல்/லிட்டரிலும் சொல்கிறார்கள். ஒன்றை இன்னொன்றாக்க 18ஆல் பெருக்க வேண்டும் அல்லது வகுக்க வேண்டும். வெறும் வயிற்றில் 126 என்பதும் 7 என்பதும் ஒன்றேதான். சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியேட்டினினில் 1 மில்லிகிராம்/டெசிலிட்டர் என்பது 88.4 மைக்ரோமோல்/லிட்டர். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி ஓரிடத்தில் 6.5 சதவீதம் என்று வரும்; அதுவே இன்னோரிடத்தில் 48 மில்லிமோல்/மோல். இவற்றில் எண்களின் வித்தியாசம் பெரியது என்பதால் பார்த்தவுடனே மாட்டிக்கொள்ளும்.

பயப்பட வேண்டியது பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பவற்றைத்தான். ரத்தம் உறைவதைப் பார்க்கும் டி-டைமர் பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முடிவை இரண்டு வகைக் கணக்கில் சொல்வார்கள். ஒன்று ஃபைப்ரினோஜன் சமான அலகு, இன்னொன்று டி-டைமர் அலகு. முதலாவது இரண்டாவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. இரண்டுக்கும் பக்கத்தில் ‘நானோகிராம்/மில்லிலிட்டர்’ என்றே எழுதியிருக்கும். ஒரு திட்டத்தில் இரண்டு இடங்களின் டி-டைமர் எண்களை நாங்கள் அப்படியே சேர்த்துவிட்டோம். ஓர் இடத்து நோயாளிகள் எல்லாரும் மற்ற இடத்தவரைவிட மோசமான நிலையில் இருப்பதாக மாடல் சொன்னது. நாங்களும் அதற்கு மருத்துவக் காரணம் தேடிக்கொண்டிருந்தோம். கடைசியில் லேப் டெக்னீஷியன் ஒருவர் தன் கருவியின் கையேட்டைத் திறந்து காட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. முதல் நாளே அவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். இன்றும் எந்தத் திட்டத்திலும் முதல் கூட்டத்துக்கே லேப் ஆட்களை அழைப்பது அன்று படிந்த பழக்கம்.

இன்னொரு வகை, கணக்குப் போட்டு வரும் எண்கள். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று சொல்லும் ஈஜிஎஃப்ஆர் நேரடியாக அளப்பதல்ல. கிரியேட்டினின், வயது, பால் ஆகியவற்றை ஒரு சூத்திரத்தில் போட்டு வருவது. அந்தச் சூத்திரங்களோ பல. 2021இல் வந்த சூத்திரம், அதற்கு முன்பு சேர்த்துக்கொண்டிருந்த இனம் என்ற காரணியை நீக்கிவிட்டது. அதே ரத்தம், அதே கிரியேட்டினின், ஆனால் வேறு ஈஜிஎஃப்ஆர். முடிந்தவரை மூல அளவுகளைக் கேட்டு வாங்கி, எல்லா இடத்துக்கும் ஒரே சூத்திரத்தில் நீங்களே கணக்கிடுங்கள்.

நிறைய தரவு சேர்ந்தால் இந்தச் சின்னப் பிழைகளை மாடலே சரிசெய்துகொள்ளாதா?

சரிசெய்யாது, அந்தப் பிழையையே பாடமாகப் படித்துக்கொள்ளும். 2018இல் அமெரிக்காவில் மூன்று மருத்துவ அமைப்புகளின் மார்பு எக்ஸ்ரேக்களை வைத்து நிமோனியாவைக் கண்டுபிடிக்கும் மாடலைச் சோதித்தார்கள். ஓர் இடத்தில் நிமோனியா உள்ள படங்கள் சுமார் 34 சதவீதம். மற்ற இரண்டிலும் சுமார் 1 சதவீதம். படம் எந்த மருத்துவமனையில் எடுத்தது என்பதை மட்டும் கண்டுபிடிக்கச் சொன்னபோது 99 சதவீதத்துக்கும் மேல் சரியாகச் சொன்னது. இடது வலது தெரிவதற்காகப் படத்தின் ஓரத்தில் வைக்கும் சிறு உலோக அடையாளம்கூட அதற்குத் துப்புக் கொடுத்தது. எந்த மருத்துவமனை என்று தெரிந்துவிட்டால் நிமோனியாவை ஊகிப்பது சுலபம். நுரையீரலை அவ்வளவாகப் பார்க்கவே வேண்டாம்.

தரவு கூடக்கூட இந்தக் குறுக்குவழி இன்னும் உறுதிப்படும். அலகும் குறியீட்டுப் பழக்கமும் இடத்துக்கு இடம் வேறுபட்டால் அந்த வேறுபாடே மருத்துவமனையின் கைரேகை ஆகிவிடும்.

என்னென்ன தரங்கள் இருக்கின்றன? எல்லாவற்றையும் கற்க வேண்டுமா?

எல்லாவற்றையும் கற்க வேண்டாம். எது எதற்கு என்று தெரிந்தால் போதும்.

தகவலை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்ப எச்எல்7. 1987இல் தொடங்கிய அமைப்பு. அதன் பழைய இரண்டாம் பதிப்புச் செய்திகள், நெடுங்கோடுகளால் பிரித்த நீண்ட வரிகள், இன்றும் எத்தனையோ மருத்துவமனைகளுக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதே அமைப்பின் புதிய தரம் ஃபயர். 2011இல் ஆஸ்திரேலியரான கிரஹாம் கிரீவ் தொடங்கிவைத்தது. நோயாளி, பரிசோதனை முடிவு, மருந்துச் சீட்டு என்று சின்னச் சின்னத் துண்டுகளாகத் தரவைப் பிரித்து, இணையத்தில் வழக்கமாகத் தகவல் பரிமாறும் முறையிலேயே அனுப்பும். இளம் புரோகிராமர்களுக்கு உடனே பிடித்துப்போகும்.

லேப் பரிசோதனைகளின் பெயருக்கு லாயிங்க், 1994 முதல். நோய், அறிகுறி, சிகிச்சை ஆகியவற்றை நுணுக்கமாகச் சொல்ல ஸ்நோமெட் சிடி. மூன்றரை லட்சத்துக்கும் மேல் கருத்துகள் அதில் உண்டு. நோய்களை வகைப்படுத்திப் புள்ளிவிவரம் எடுக்க உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி. அதன் பதினோராம் பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது; ஆனாலும் உங்கள் கைக்கு வரும் பழைய பதிவுகளில் பத்தாம் பதிப்பே அதிகம் இருக்கும். அலகுகளை ஒரே மாதிரி எழுத யூக்கம். ஸ்கேன் படங்களுக்கு டைகாம். இவை எல்லாவற்றிலிருந்தும் வருவதை ஆராய்ச்சிக்கு ஏற்ற ஒரே அட்டவணை அமைப்பில் அடுக்கிவைக்க ஓமாப்.

லாயிங்க் எவ்வளவு நுணுக்கமாகப் போகிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ரத்தத்தின் நீர்ப்பகுதியான சீரம் அல்லது பிளாஸ்மாவில் குளுக்கோஸை எடைக் கணக்கில் அளந்தால் 2345-7. அதையே மோல் கணக்கில் அளந்தால் 14749-6. வெறும் வயிறு என்று குறிப்பிட்டு எடைக் கணக்கில் அளந்தால் 1558-6. ‘சர்க்கரை’ என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை தனித்தனி விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன என்பது இப்போது தெரியும்.

ஃபயர் இருக்கும்போது ஓமாப் எதற்கு?

ஃபயர், ஒரு நோயாளியின் தகவலை இப்போது இங்கிருந்து அங்கே கொண்டுபோக வந்தது. ஓமாப், லட்சம் நோயாளிகளிடம் ஒரே கேள்வியைக் கேட்க வந்தது. 2008இல் அமெரிக்காவில் மருந்துகளின் பாதுகாப்பை ஆராயத் தொடங்கிய கூட்டு முயற்சியில் பிறந்தது அது. பின்னர் ஒடிசி என்ற உலகளாவிய ஆய்வாளர் சமூகம் அதை எடுத்து வளர்த்தது. எல்லா இடத்திலும் அட்டவணையின் பெயரும் அதன் பத்திகளும் (நெடுவரிசைகளும்) ஒன்றே என்பதால் ஓரிடத்தில் எழுதிய நிரலை மாற்றாமல் அடுத்த இடத்தில் ஓட்டலாம். தரவு இடம்பெயர வேண்டாம். விடை மட்டும் வந்தால் போதும்.

இரண்டும் எதிரிகள் இல்லை. ஃபயர் வழியாக வாங்கி ஓமாப்பில் சேமிப்பவர்கள் நிறைய பேர்.

ஐசிடி குறியீடு இருக்கிறதே. அதையே ‘இவருக்கு இந்த நோய்’ என்று மாடலுக்குக் கற்றுக்கொடுக்கலாமா?

யோசிக்காமல் செய்யாதீர்கள் என்பேன். பல இடங்களில் அந்தக் குறியீடு பில் போடுவதற்காக எழுதப்படுவது. மாரடைப்பு இருக்குமோ என்று சந்தேகப்பட்டு ஈசிஜி எடுத்தால், அந்தச் சந்தேகத்தின் குறியீடே பதிவில் தங்கிவிடலாம். ஈசிஜி நன்றாக இருந்தது என்பது வேறெங்கோ கிடக்கும். மறுபக்கம், இருபது வருடமாகச் சர்க்கரை நோய் உள்ளவர் கால் முறிந்து வந்தால் அன்றைய பதிவில் கால் மட்டுமே இருக்கலாம்.

அதனால் நோயை ஒரே குறியீட்டில் நம்பாமல் விதியாக வரையறுப்பார்கள். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு ஐசிடி-10இல் இ11. அந்தக் குறியீடு வெவ்வேறு நாட்களில் இரண்டு தடவையாவது இருக்க வேண்டும். அல்லது எச்பிஏ1சி 6.5க்கு மேல் இருந்து சர்க்கரை மருந்தும் கொடுத்திருக்க வேண்டும். இப்படி ஒரு விதியை எழுதி, அதில் அகப்பட்டவர்களில் ஐம்பது பேரின் முழுக் கோப்பையும் ஒரு மருத்துவர் படித்துப் பார்க்க வேண்டும். கூட்டில் இருக்கும் ஒவ்வோர் இடத்திலும் இதைச் செய்ய வேண்டும். ஓரிடத்தில் அருமையாக வேலை செய்த விதி அடுத்த இடத்தில் பாதிப் பேரைத் தவறவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

எதைக் குறியாக வைக்கிறோம் என்பதில் ஏற்படும் பிழை மனிதர்களைப் பாதிக்கும். 2019இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்று சொல்லும் பரவலான ஒரு மாடலை ஆராய்ந்தது. நோயின் கடுமைக்குப் பதிலாக மருத்துவச் செலவை அந்த மாடல் குறியாக வைத்திருந்தது. சிகிச்சை கிடைப்பதே கடினமாக இருந்த கறுப்பின நோயாளிகளுக்குச் செலவும் குறைவு. அதனால் அவர்கள் நலமாக இருப்பதாக அது கணக்குப் போட்டது. அந்தக் குறையைச் சரிசெய்தால் கூடுதல் உதவி பெறும் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். செலவுக் கணக்கில் ஒரு பைசா தவறில்லை. ஆனால் அது எதைக் காட்டுகிறது என்று யாரும் கேட்கவில்லை.

மேப்பிங் வேலையை யார் செய்வது? ஆயிரக்கணக்கான பெயர்கள் இருக்கின்றனவே!

உள்ளூர்ப் பெயரை உலகக் குறியீட்டோடு இணைப்பதைத்தான் மேப்பிங் என்கிறோம். பட்டியலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். எத்தனை தடவை வருகிறது என்று ஒவ்வொன்றுக்கும் எண்ணி, அதன்படி வரிசைப்படுத்துங்கள். மேலே இருக்கும் சில நூறு பெயர்களே மொத்தப் பதிவுகளில் பெரும்பகுதியைச் சுமப்பதைக் காண்பீர்கள். முதலில் அவை. அடியில் கிடக்கும், வருடத்துக்கு இரண்டு தடவை வரும் பெயர்களைத் தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

ஒடிசி சமூகம் இதற்கென்றே உசாகி என்ற இலவசக் கருவி வைத்திருக்கிறது. பெயர் ஒற்றுமையைப் பார்த்துப் பொருத்தமான குறியீடுகளைப் பரிந்துரைக்கும். ஏற்பதும் தள்ளுவதும் மனிதர் கையில். அந்த மனிதர் தனியாக உட்காரக் கூடாது என்பது என் அழுத்தமான கருத்து. ஒருவர் பொருத்த, அந்தத் துறை தெரிந்த இன்னொருவர் பார்க்க, இருவரும் ஒத்துப்போகாத இடங்களை மூன்றாமவரோடு பேசி முடிவெடுத்து, ஏன் அப்படி முடிவெடுத்தோம் என்று ஒரு வரி எழுதிவைக்க வேண்டும். அந்த ஒரு வரியை எழுத எல்லாரும் சோம்பல்படுவார்கள். ஆறு மாதம் கழித்து வேலைக்குச் சேரும் ஒருவர் அதற்காக உங்களை மனதார வாழ்த்துவார்.

அப்புறம், மூலப் பெயரையும் மூல மதிப்பையும் எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள். ஓமாப்பில் இதற்கென்றே தனிப் பத்திகள் உண்டு: பொதுக் குறியீடு ஒன்றில், மருத்துவமனை எழுதியது எழுதியபடியே இன்னொன்றில். பொருத்தம் கிடைக்காததற்கு 0 என்று போடும் வழக்கமும் உண்டு. எதையாவது பொருத்திவிட வேண்டும் என்ற அவசரத்தில் தவறான குறியீடு போடுவதைவிட, தெரியவில்லை என்ற 0 எத்தனையோ மேல்.

இதையே சாட்ஜிபிடி போன்ற ஒரு பெரிய மொழி மாடலிடம் கொடுத்துவிட்டால்?

முதல் வரைவுக்குக் கொடுக்கலாம். சுருக்கெழுத்துகளைப் புரிந்துகொள்வதிலும் டிஸ்சார்ஜ் சம்மரியிலிருந்து தகவல் எடுப்பதிலும் அவை உண்மையிலேயே கைகொடுக்கின்றன. ஆனால் இல்லாத குறியீட்டை இருப்பது போலவே எழுதிவிடும். லாயிங்க் எண்ணின் கடைசி இலக்கமும் ஸ்நோமெட் எண்ணின் கடைசி இலக்கமும் சரிபார்ப்பு இலக்கங்கள். அவற்றைக் கணக்கிட்டால் கற்பனைக் குறியீடுகளில் பெரும்பாலானவை அகப்படும். இருக்கிற குறியீட்டையே தவறான இடத்தில் போட்டால் இந்தக் கணக்கு உதவாது. அதற்கு மனிதக் கண்தான் வேண்டும். அதிகாரப்பூர்வப் பட்டியலிலிருந்து சில குறியீடுகளை நீங்களே எடுத்துக்கொடுத்து, அவற்றுக்குள் தேர்ந்தெடுக்கச் சொல்வது நல்லது.

விடுபட்ட மதிப்புகளை என்ன செய்வது? சராசரியைப் போட்டு நிரப்பலாமா?

முதலில் ஏன் விடுபட்டது என்று கேளுங்கள். காலியாக இருப்பது ஒரு வகை. காலியாக விட சாஃப்ட்வேர் அனுமதிக்காததால் 0 என்றோ 999 என்றோ அடித்திருப்பது இன்னொரு வகை. நாடித்துடிப்பு 0 என்பதை மாடல் அப்படியே நம்பிவிடும். ‘புகை பிடிப்பவரா’ என்ற பத்தி காலியாக இருந்தால் பிடிக்காதவர் என்று பொருளா, யாரும் கேட்கவில்லை என்று பொருளா? ஒவ்வொரு மருத்துவமனையிலும் விடை வேறு.

பரிசோதனை செய்யாமல் விட்டதே ஒரு செய்திதான். மருத்துவர் கவலைப்பட்டால்தான் சில பரிசோதனைகளை எழுதுவார். அமெரிக்காவில் இரண்டு மருத்துவமனைகளின் பதிவுகளை வைத்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில் 272 லேப் பரிசோதனைகளைப் பார்த்தார்கள். அவற்றில் 233 பரிசோதனைகளில், முடிவு என்னவென்று பார்க்காமலே, அந்தப் பரிசோதனை எழுதப்பட்டதா என்பதற்கும் நோயாளி பிழைப்பதற்கும் தொடர்பு இருந்தது. ஒப்பிட முடிந்த 174இல் 118 பரிசோதனைகளில், முடிவைவிட அது எழுதப்பட்ட நேரமே நோயாளி பிழைப்பாரா என்பதைத் துல்லியமாகச் சொன்னது. நடுராத்திரி மூன்று மணிக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினால் யாரோ ஒரு மருத்துவர் பதறியிருக்கிறார் என்று அர்த்தம். சராசரியைப் போட்டு நிரப்பினால் அந்தப் பதற்றம் தரவிலிருந்து மறைந்துவிடும். நிரப்பித்தான் ஆக வேண்டும் என்றால், இது நிரப்பியது என்று பக்கத்தில் ஒரு குறியாவது போடுங்கள்.

தேதியிலும் நேரத்திலும் என்ன பிரச்சினை வரும்?

03/04/2021 என்பது மார்ச் 4ஆ, ஏப்ரல் 3ஆ? ஆண்டு, மாதம், நாள் என்ற சர்வதேச வரிசையில் எழுதினால் இந்தக் கேள்வியே எழாது.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. ஒரு லேப் முடிவுக்குக் குறைந்தது நான்கு நேரங்கள் இருக்கின்றன: மருத்துவர் எழுதியது, ரத்தம் எடுத்தது, கருவி அளந்தது, ரிப்போர்ட் வெளிவந்தது. ஓரிடம் ரத்தம் எடுத்த நேரத்தையும் இன்னோரிடம் ரிப்போர்ட் வந்த நேரத்தையும் கொடுத்தால், முதல் இடத்தில் ரத்தம் எடுத்தவுடனே முடிவும் கையில் இருந்ததாகக் கணக்காகிவிடும்; நோய் வருமுன் கணிக்க வேண்டிய மாடல், அந்த நொடியில் மருத்துவர் கையில் இல்லாத தகவலைப் பார்த்துக் கணித்துவிடும். பயிற்சியில் பிரமாதமாக இருக்கும். வார்டில் ஓட்டினால் தோற்கும். தொற்றால் உடல் உறுப்புகள் செயலிழக்கும் செப்சிஸ் நிலையைக் கணிக்கும் மாடல்களில் ஆன்டிபயாடிக் தொடங்கிய நேரத்தை உள்ளே விட்டாலும் இதே கதிதான். மருத்துவர் ஏற்கெனவே கண்டுபிடித்ததை மாடல் திரும்பச் சொல்லும்.

எல்லாப் பதிவுகளும் 00:00 மணிக்கு இருந்தாலோ, நோயாளிகளில் அளவுக்கு மீறிய பேர் ஜனவரி 1இல் பிறந்திருந்தாலோ, அது தெரியாததை நிரப்பிய கை.

ஸ்கேன் படங்களுக்கு டைகாம் இருக்கிறதே, அங்கே எல்லாம் சரியாக இருக்குமா?

மற்ற துறைகளைவிட நிலைமை நன்றாகவே இருக்கிறது. 1985இல் முதல் வடிவமும் 1993இல் டைகாம் என்ற பெயரும் வந்தன. எந்த நிறுவனத்தின் கருவியில் எடுத்த படத்தையும் எந்தக் கணினியிலும் திறக்க முடிவது அந்த உழைப்பின் பலன்.

ஆனாலும் சில பொறிகள் உண்டு. எக்ஸ்ரேயில் சிறிய எண் கறுப்பா வெள்ளையா என்பதை டைகாமின் தலைப்பில், அதாவது படத்தோடு வரும் விவரப் பகுதியில், இருக்கும் ஒரு புலம் சொல்கிறது. அதைப் படிக்காமல் படத்தை ஏற்றினால் சில படங்கள் நெகட்டிவ் போலத் தலைகீழாகப் போகும். சிடி ஸ்கேனில் சேமித்திருக்கும் எண்ணை அப்படியே எடுக்கக் கூடாது. எதனால் பெருக்க வேண்டும், எதைக் கூட்ட வேண்டும் என்று தலைப்பில் இருக்கும் இரண்டு எண்களை வைத்து ஹவுன்ஸ்ஃபீல்டு அளவுக்கு மாற்ற வேண்டும். அந்த அளவில் தண்ணீர் 0, காற்று -1000. எம்ஆர்ஐக்கு அப்படி ஒரு பொது அளவே கிடையாது. கருவிக்குக் கருவி வெளிச்சம் மாறும். எந்த வகை எம்ஆர்ஐ என்று டெக்னீஷியன் தன் பழக்கப்படி எழுதும் விவரணையை நம்பி வரிசைப்படுத்துவதும் ஆபத்து. படத்தின் தொழில்நுட்ப அளவுகளைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

தரவை வெளியே அனுப்பாமலே கூட்டாகப் பயிற்சி கொடுக்கலாம் என்கிறார்களே? அப்போது தரப்படுத்தல் தேவையில்லைதானே?

நீங்கள் சொல்வது ஃபெடரேட்டட் லேர்னிங். தரவு மருத்துவமனைக்குள்ளேயே இருக்கும். மாடல் அங்கே போய்ப் படித்துவிட்டு, படித்ததால் தன் எண்களில் ஏற்பட்ட மாற்றத்தை மட்டும் எடுத்துவரும். மாற்றங்களை ஒன்றுசேர்த்துப் புது மாடலை மறுபடி எல்லாருக்கும் அனுப்புவார்கள். இது நடைமுறைக்கு வந்துவிட்டது. கோவிட் நோயாளிகளுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படும் என்று கணிக்க 20 நிறுவனங்கள் சேர்ந்த ஆய்வு 2021இல் வந்தது. கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைக்கட்டியின் எல்லையை வரைய ஆறு கண்டங்களில் 71 இடங்கள் சேர்ந்து, 6,314 நோயாளிகளின் தரவில் செய்த பணி 2022இல் வந்தது. அரிய நோய்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இங்கே தரப்படுத்தல் இன்னும் அதிகமாகத் தேவை. எல்லாத் தரவும் ஒரே இடத்தில் இருந்தால் யாராவது ஒருவர் பார்த்து ‘இந்த எண்கள் ஏன் இப்படி?’ என்று கேட்பார். ஃபெடரேட்டட் முறையில் மற்றவருடைய தரவை யாருமே பார்ப்பதில்லை. ஓரிடத்தில் அலகு தவறினால் அது சத்தமில்லாமல் எல்லாருடைய மாடலிலும் கலந்துவிடும். அதனால் பயிற்சிக்கு முன்பே ஒவ்வோர் இடமும் தன் தரவின் சுருக்கத்தைப் பகிர வேண்டும்: ஒவ்வோர் அளவுக்கும் நடு மதிப்பு, பரவல், விடுபட்ட விகிதம். நோயாளி யாரும் அதில் தெரிய மாட்டார், தவறுகள் தெரிந்துவிடும்.

தரவு வெளியே போகவில்லை என்பதால் முழுப் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். மாடல் எடுத்துவரும் மாற்றங்களிலிருந்தே பயிற்சிப் படங்களை மீட்டெடுக்க முடியும் என்று 2019இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மாற்றங்களை மறைகுறியாக்கிச் சேர்ப்பது, அவற்றில் தற்செயல் எண்களைக் கொஞ்சம் கலப்பது போன்ற கூடுதல் காப்புகள் வேண்டும்.

பெயரையும் போன் நம்பரையும் நீக்கிவிட்டால் நோயாளியின் அடையாளம் போய்விடும்தானே?

போகாது. அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரைப் பிறந்த தேதி, பால், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றை வைத்தே தனித்துக் காட்டிவிடலாம் என்று ஆய்வாளர் லட்டான்யா ஸ்வீனி 1990 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துக் கணக்கிட்டார். நோயாளிகளின் தகவலைக் காக்கும் அந்நாட்டின் ஹிப்பா சட்டம் நீக்கச் சொல்லும் அடையாளங்கள் 18 வகை. தலை எம்ஆர்ஐயில் முகத்தின் வடிவமும் பதிவாகிறது. 2019இல் ஓர் ஆய்வில் 84 தன்னார்வலர்களின் எம்ஆர்ஐயிலிருந்து முகத்தை உருவாக்கி முகமறியும் மென்பொருளிடம் கொடுத்தார்கள். 70 பேரை அது சரியாக அடையாளம் கண்டது. அதனால் மூளைப் படங்களைப் பகிரும் முன் முகப் பகுதியை அழிப்பார்கள்.

தேதிகளை மறைக்க நல்ல வழி, நோயாளி ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணைத் தேர்ந்து அவருடைய எல்லாத் தேதிகளையும் அதே அளவு நகர்த்துவது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் ஆராய்ச்சிக்காகத் தரும் மிமிக் என்ற ஐசியூ தரவில் நோயாளிகள் எல்லாரும் வருங்கால ஆண்டுகளில் அட்மிட் ஆகியிருப்பது இதனால்தான். தேதி பொய், ஆனால் ஆபரேஷனுக்கும் காய்ச்சலுக்கும் இடையே எத்தனை நாள் என்பது உண்மை. மாடலுக்கு வேண்டியதும் அந்த இடைவெளிதான்.

இதெல்லாம் செவிலியர், மருத்துவர் தலையில்தானே விடியும்?

விடியக் கூடாது. ஏற்கெனவே நோயாளியைப் பார்க்கும் நேரத்தைத் திரை தின்கிறது. ஆராய்ச்சிக்காக இன்னும் பத்துப் புலங்களைக் கட்டாயமாக்கினால் வேகமாக எதையோ அமுக்கிவிட்டு அடுத்த நோயாளியிடம் போவார்கள், போகத்தான் வேண்டும். சொற்றொடராக எழுதுபவர் அப்படியே எழுதட்டும், பின்னால் மாற்றும் சுமை தரவுக் குழுவுடையது. கருவியிலிருந்து நேராக வரக்கூடிய எண்ணை மனிதரிடம் டைப் செய்யச் சொல்லக் கூடாது. கண்டுபிடித்த பிழைகளை அவர்களிடம் திருப்பிச் சொல்வதும் கடமை. தங்கள் பதிவு எதற்குப் பயன்பட்டது என்று காட்டிய இடங்களில் பதிவின் தரம் தானாக உயர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எங்களுடையது சின்ன மருத்துவமனை. தரவுக் குழு எல்லாம் கிடையாது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஒரு கேள்வியிலிருந்து. ‘எங்கள் தரவு முழுவதையும் தரப்படுத்துவோம்’ என்று கிளம்பியவர்கள் பாதியில் களைத்துப்போவார்கள். என்ன கணிக்க வேண்டும் என்று முடிவுசெய்து, அதற்குத் தேவையான இருபது முப்பது அளவுகளை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் உங்கள் இடத்தில் வழங்கும் பெயர், பொதுக் குறியீடு, அலகு, எந்தக் கருவி, யார் பதிகிறார், காலியாக இருந்தால் என்ன பொருள் என்று ஒரு விரிதாளில் எழுதுங்கள். அந்த விரிதாள்தான் உங்கள் தரவு அகராதி. கூட்டில் சேரும்போது நீங்கள் கொண்டுபோகும் மதிப்புமிக்க பொருளும் அதுவே.

அடுத்து ஒவ்வோர் அளவுக்கும் வரைபடம் போட்டுக் கண்ணால் பாருங்கள். ஒரு மேடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மேடு தெரிந்தால் பெரும்பாலும் இரண்டு அலகுகள் கலந்திருக்கும். குழந்தைகள் எடையில் ஒரு கூட்டம் மட்டும் தள்ளி நின்றால் கிலோவும் பவுண்டும் கலந்திருக்கலாம்.

சின்ன இடம் என்று தயங்க வேண்டாம். பெரிய மருத்துவமனைகளின் நோயாளிகளை மட்டும் பார்த்த மாடல் உங்கள் நோயாளிகளைப் பற்றி எதுவும் அறியாது. நீங்கள் சேராவிட்டால் அந்த இடம் காலியாகவே இருக்கும்.

ஒரு தடவை செய்துவிட்டால் முடிந்ததா?

இல்லை. லேப் புதுக் கருவி வாங்கும். ஐசிடி பத்திலிருந்து பதினொன்றுக்கு மாறும். முன்னே சொன்ன ஈஜிஎஃப்ஆர் சூத்திரத்தை ஒரு திங்கட்கிழமை காலை மாற்றுவார்கள். அன்று ஆயிரம் பேரின் சிறுநீரக எண்கள் நகரும், சிறுநீரகங்களோ ஞாயிற்றுக்கிழமை இருந்தபடியே இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் மாடலுக்கு இது தெரியாது.

எங்கள் கூட்டில் ஒரு பொது மாற்றப் பதிவேடு வைத்திருக்கிறோம். எந்த இடத்தில் எது மாறினாலும், மாறுவதற்கு முன்பே, தேதியோடு ஒரு வரி. மாற்றத்துக்கு முந்தைய வாரத்தின் வரைபடத்தையும் பிந்தைய வாரத்தின் வரைபடத்தையும் அருகருகே வைத்து ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பதிவேட்டின் முதல் பத்தியில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு மனிதரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கிறது. எண் விசித்திரமாக நடந்துகொண்டால் முதலில் அவரைக் கூப்பிடுகிறோம், அப்புறம்தான் நிரலைத் திறக்கிறோம்.